கொண்டலானுக்குப் புள்ளி வைத்தவள்

வெயிலுகந்தபட்டியில் மழையை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஊரில் பாதி காலண்டர் அச்சடிக்கிறது, மீதிப் பாதி தீப்பெட்டிக்குக் குச்சி காயவைக்கிறது, இரண்டுக்கும் வெயில்தான் படியளக்கிற சாமி என்பதால், வானம் இருட்டினால் 'அது வரும்போல இருக்கு' என்பார்கள், தூறல் விழுந்தால் 'அது வந்துட்டது' என்பார்கள், இரண்டு நாள் விடாமல் அடித்தால் ஒன்றுமே சொல்லாமல் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். புதுப்பெண்ணை வாழ்த்தும்போதுகூட 'நல்லா வெயிலா இரு தாயி' என்றுதான் வாழ்த்துவார்கள். இப்படி மூன்று தலைமுறை ஓடியதில் மழையோடு சேர்ந்த சொற்களெல்லாம் ஒவ்வொன்றாக ஊரின் வாயிலிருந்து உதிர்ந்துபோயின. குடிதண்ணீர் மட்டும் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை குழாயில் வந்தது, அதைப் பற்றி எல்லோரும் வாய் ஓயாமல் பேசினார்கள்.

இந்த ஊரில்தான் 'வெயில்முரசு' என்ற வாரப் பத்திரிகை சனிக்கிழமைதோறும் வந்தது. அதன் ஏழாம் பக்கத்தில் நாலு கட்டப் படக்கதை ஒன்று வந்தது, அந்தக் கட்டங்களில் இருக்கிறவர்கள் பேசுவதைப் பலூனுக்குள் எழுதுகிற வேலை தங்கபுஷ்பத்துடையது. மற்ற பக்கமெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்ப் பல வருஷம் ஆகியும், படக்கதைக்கு மட்டும் கையெழுத்துதான் வேண்டும், கம்ப்யூட்டர் எழுத்தைப் போட்டால் கதாநாயகன் பஞ்சாயத்து நோட்டீஸ் வாசிக்கிற மாதிரி இருக்கிறது என்று முதலாளி ராஜகனி அண்ணாச்சி ஒரே பிடியாக இருந்தார். நாற்பத்தொரு வயதில் தங்கபுஷ்பத்துக்கு இருந்த சொத்து, தண்ணீர் பட்டாலும் கலையாத கறுப்பு மை ஒரு புட்டி, நிப்புப் பேனா மூன்று, எடுத்த காரியத்தை விடாத குணம் ஒன்று. அவளைப் பெற்றவள் அதை உடும்புப் பிடி என்று சொல்லிச் சொல்லியே போய்ச் சேர்ந்தாள்.

படம் வரைந்துகொண்டிருந்த வைகுண்டம் என்கிறவர் கல்யாண மேடைக்கு மயில் செய்கிற வேலை கிடைத்து, சொல்லாமல் கொள்ளாமல் கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். அந்த வாரம் புதன்கிழமை தங்கபுஷ்பம் வெள்ளைத்தாளில் வழக்கம்போல நாலு கட்டம் போட்டு மேஜையில் வைத்துவிட்டு, இனி இதில் என்னத்தைப் போடுவது என்ற யோசனையோடு மதியச் சாப்பாட்டுக்குப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் நாலு கட்டமும் நிறைந்திருந்தது. உச்சியில் குடுமியும் தோள்வரை தொங்குகிற காதும் உடம்பெல்லாம் திருநீறுமாக ஒரு மெலிந்த ஆள், ஒரு கையில் சுரைக்குடுக்கை, இன்னொரு கையில் எழுத்தாணி, வெயிலுகந்தபட்டி பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தார். பூப்புனித நீராட்டு விழாவுக்கு வைத்திருந்த பிளக்ஸ் பேனரில் கறுப்புக் கண்ணாடி போட்டு வரிசையாகச் சிரிக்கிற தாய்மாமன்மாரைப் பார்த்து அவர் கைகூப்பியிருந்தார். தலைக்கு மேலே பலூன், அதற்குள்ளே எழுத்து, ஆனால் அது தங்கபுஷ்பத்தின் எழுத்து இல்லை.

'இநநாடடிலிததனைமனனரகளா' என்று இருந்தது.

அவள் திகைத்து நிற்கவில்லை. ஈரம் காய்ந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தாள், காய்ந்திருந்தது, உட்கார்ந்தாள். ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை ஓட்டையாகிவிடும் என்று அந்தக் காலத்தில் எழுதுகிறவர்கள் புள்ளியே வைக்கமாட்டார்கள், குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்புதான் போடுவார்கள், வாசிக்கிறவன்தான் இடம் பார்த்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்பில் தமிழய்யா சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. பேனாவை மையில் தொட்டு ஒவ்வொரு புள்ளியாக வைத்துக்கொண்டே போனாள், வைக்க வைக்க அந்த ஆள் பேச ஆரம்பித்தார். 'இந்நாட்டில் இத்தனை மன்னர்களா?'

கடைசிக் கட்டத்தில் தன் பெயர் கொண்டலான் என்றும், தன் காலத்தில் மன்னனின் ஆட்கள் துரத்தி வந்ததால் எழுதிக்கொண்டிருந்த ஓலைக்குள்ளேயே புகுந்துவிட்டதாகவும், வெளியே வந்து பார்த்தால் வேறு காலமாக இருப்பதாகவும் அவர் சொல்லியிருந்தார். அண்ணாச்சி வாசித்துப் பார்த்து, தலைப்பு மட்டும் இல்லையே என்றார். தங்கபுஷ்பம் 'மந்திரவாதி கொண்டலான்' என்று மேலே கொட்டை எழுத்தில் எழுதினாள், சனிக்கிழமை அச்சாகி வந்தது.

அதற்குப் பிறகு புதன்தோறும் அவள் கட்டம் போட்டு வைத்துவிட்டுச் சாப்பிடப் போவாள், வருவதற்குள் கொண்டலான் வந்திருப்பார். நேரில் அவரைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை, ஆனால் அவர் நிற்கிற இடமெல்லாம் ஊரில் இருக்கிற இடம், பக்கத்தில் நிற்கிறவர்களெல்லாம் ஊரில் இருக்கிற ஆட்கள். இது எப்படி நடக்கிறது என்று கேட்டவர்கள் மொத்தம் இரண்டு பேர், அதில் ஒருவர் வெளியூர்க்காரர், இன்னொருவருக்குக் காது மந்தம் என்பதால் பதில் சொல்ல யாரும் மெனக்கெடவில்லை. மற்றவர்களுக்கு வேறு கவலை இருந்தது. தனக்கு இவ்வளவு தொந்தியா என்று முடிதிருத்துகிற சுடலைமணி பத்திரிகையை எடுத்துக்கொண்டு வந்து, அடுத்த வாரமாவது குறைத்துப் போடச் சொன்னார். மதுரைக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுப் போன ஒருவர் டாஸ்மாக் வாசலில் கொண்டலானுக்குப் பின்னால் தெளிவாக நின்றதில், அவர் உண்மையிலேயே மதுரைக்குப் போய் ஒரு வாரம் மச்சினன் வீட்டில் இருக்கவேண்டி வந்தது. குழாயடி வரிசையில் சுரைக்குடுக்கையோடு மந்திரவாதி நடுவில் புகுந்துவிட்டார் என்று புகார் சொல்ல ஐந்து பெண்கள் வந்தார்கள், அவர்களுக்குத் தண்ணீர் தந்து அனுப்ப அச்சகத்தில் தண்ணீர் இல்லை. கிராம நிர்வாக அலுவலர் தம் குறிப்பேட்டில், 'கொண்டலான், தொழில் மந்திரம், வயது சுமார் நானூறு, நிரந்தர முகவரி ஏழாம் பக்கம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஊருக்குள் ஒருவர் கூடிவிட்டார் என்று மேலே தெரிவித்துவிட்டு நிம்மதியானார்.

ஊர் அவரை இப்படி ஏற்றுக்கொண்டது, ஆனால் கதை என்று வந்துவிட்டால் வாசகனுக்குப் பசி அடங்குமா? மூன்று மாதமாக மந்திரவாதி பஸ் பார்க்கிறார், பேனர் பார்க்கிறார், வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார், ஒரு மந்திரமும் போடவில்லையே என்று கடிதங்கள் வந்தன. ராஜகனி அண்ணாச்சியும் ஒருநாள் தங்கபுஷ்பத்தின் மேஜைக்கு வந்து, ஒரு பேய்கூட வராத மந்திரவாதிக் கதை உப்பில்லாக் கஞ்சி என்று சொல்லிவிட்டுப் போனார். அது ஒரு செவ்வாய்க்கிழமை.

மறுநாள் வந்த படத்தில் கொண்டலான் பேருந்து நிலையத்தின் மேற்கு மூலையில், பேச்சியம்மாளின் பருத்திப்பால் கடைக்கு முன்னால் நின்றார். பேச்சியம்மாள் பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பால் எடுத்து, கருப்பட்டியும் சுக்கும் தட்டிப்போட்டு, இருபது வருஷமாக அதே மூலையில் பித்தளை அண்டாவோடு நிற்கிறவள். விடிந்ததும் முதல் பஸ்ஸின் டிரைவர் அவள் கையால் ஒரு டம்ளர் குடிக்காமல் வண்டியை எடுக்கமாட்டார். புருஷன் போன பிறகு அவளுக்கு என்று இருந்தது அந்த அண்டாவும் தலைக்கு மேலே கட்டியிருந்த நீலத் தார்ப்பாயும்தான். நாலாவது கட்டத்தில் கொண்டலான் கண்ணை உருட்டி, கையை நீட்டி, கட்டத்தின் பாதியை அடைத்துக்கொண்ட பெரிய பலூனில் ஒரே ஒரு சொல்லை உரக்கக் கத்தியிருந்தார். 'பெய' என்று இருந்தது. கை தார்ப்பாய்க்கு மேலே நீண்டிருந்தது, தார்ப்பாய்க்குக் கீழே பேச்சியம்மாளின் முகம் இருந்தது.

தங்கபுஷ்பம் கொம்பைப் பார்த்தாள், ய மேல் ஒரு புள்ளி வைத்தாள், குறிலா நெடிலா என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கொம்புக்கு ஒரு சுழியைச் சேர்த்து நெடிலாக்கினாள். சனிக்கிழமை ஊர் முழுக்க வாசித்தது. மந்திரவாதி கொண்டலான் பேச்சியம்மாளைக் கைநீட்டி, 'பேய்!' என்றார்.

பேய் ஒன்றும் வரவில்லை. ஆனால் பேய் வந்தால் ஊர் என்னவெல்லாம் செய்யுமோ அதையெல்லாம் செய்தது. ஞாயிற்றுக்கிழமை பேச்சியம்மாளின் அண்டாவில் வைத்த பால் வைத்தபடியே இருந்தது. பேச்சி என்ற பெயரே பேய்ச்சி என்பதன் சுருக்கம்தானே என்று ஒருவர் கண்டுபிடித்தார், இருபது வருஷமாகத் தெரியாமல் போச்சே என்று இன்னொருவர் வருத்தப்பட்டார். முதல் பஸ் டிரைவர் வண்டியை மேற்கு மூலையில் நிறுத்தாமல் கிழக்கே கொண்டுபோனார். அண்டாவைச் சுற்றி வேப்பிலைக் கொத்து நாலு பக்கமும் கிடந்தது, போட்டது யார் என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை காலையில் பேச்சியம்மாள் அச்சகத்துக்கு வந்தாள். சத்தம் போடவில்லை. கையில் சுருட்டி வைத்திருந்த பத்திரிகையை மேஜையில் விரித்து, எழுத்து இருக்கிற இடத்தில் விரலை வைத்தாள்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது தாயி. இங்கே எழுதியிருக்கிறது என் பேரு இல்ல, பேயின்னு சொல்றாக. நெசமா?"

தங்கபுஷ்பம் விரல் இருந்த இடத்தைப் பார்த்தாள். தான் எழுதியதுதான், ஆனால் மந்திரவாதி சொன்னதைத்தான் எழுதியதாக முணுமுணுத்தாள்.

"அவருக்கு நான் என்ன செஞ்சேன்? போன மாசம் ஒரு டம்ளர் ஊத்தி ஓரமா வச்சேன். மறுவாரம் படத்துல அதைக் கையில வச்சுக்கிட்டு நின்னாரே. குடிச்ச மனுசன் அப்படிச் சொல்வாரா?"

அந்தக் கேள்வி தங்கபுஷ்பத்தைக் கொத்திவிட்டது. பேச்சியம்மாள் போன பிறகு அவள் அசல் தாளை எடுத்து, சுழியைச் சேர்ப்பதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்று வெயிலில் பிடித்துப் பார்த்தாள். ஒற்றைக் கொம்பு, ப, ய. சுழி அவள் போட்டது. சுழி போடாமல் குறிலாக வாசித்தால் என்ன வரும் என்று உதட்டை அசைத்துப் பார்த்தாள். அந்தச் சொல் அவளுக்கு வரவே இல்லை. ஏனென்றால் அவள் அதைப் பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் படித்திருந்தாளே தவிர, பிறந்ததிலிருந்து அந்த ஊரில் யார் வாயாலும் கேட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை பேருந்து நிலைய வியாபாரிகள் கூடினார்கள். ஓட்டல் குருசாமி தலைவர் என்பதால் அவர்தான் முடிவைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைக்குள் கடையை எடுத்துவிட வேண்டும், அன்றைக்குக் கோடாங்கி வந்து பேய் அண்டாதபடி இடத்தைக் கட்டுவார், இதில் யாருக்கும் யார் மேலும் கோபம் இல்லை என்றார். தங்கபுஷ்பம் எழுந்து, தப்பு என்னுடையது, மந்திரவாதி வேறு என்னவோ சொல்லியிருக்கிறார், நான் ஒரு சுழியைக் கூட்டிவிட்டேன் என்றாள். யாரும் அவளைத் திட்டவில்லை, அதுதான் கொடுமை. அச்சில் வந்தாகிவிட்டதே அம்மா என்று இரக்கமாகச் சொன்னார்கள். அண்ணாச்சியிடம் போனாள், அவர் 'திருத்தம்' என்று 'மணமகள் தேவை' விளம்பரத்துக்குக் கீழே இரண்டு வரி போடலாம் என்றார்.

"நாலு அங்குலத்துல பேய்னு போட்டுட்டு, எறும்பு சைஸ்ல இல்லைன்னா எவன் அண்ணாச்சி வாசிப்பான்?" என்று கேட்டுவிட்டு அவள் கட்டம் போட உட்கார்ந்தாள். தாளின் ஓரத்தில் பென்சிலால், புள்ளி வைக்காமல், அவருக்குப் புரிகிற மாதிரி எழுதினாள். நீங்கள் சொன்னது என்ன? நான் தப்பாக எழுதிவிட்டேன். ஒருத்தி கடை போகிறது.

புதன்கிழமை மதியம் அவள் சாப்பாட்டின் பாதியில் எழுந்து வந்தாள். படம் வந்திருந்தது. முதல் கட்டத்தில் கொண்டலான் ஆளில்லாத பருத்திப்பால் கடையின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார், சுற்றிலும் வேப்பிலை. இரண்டாம் கட்டத்தின் பலூன் நீளமாக இருந்தது. அவள் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள், இந்தத் தடவை ஒவ்வொரு கொம்பிலும் நின்று யோசித்துப் புள்ளி வைத்தாள். 'என் காலத்தில் பன்னிரண்டு ஆண்டு வானம் பொய்த்தது. மன்னன் கேட்டான், நான் மழைச்சொல்லை எழுதிக் கொடுத்தேன். வாசித்தவன் நீட்டி வாசித்தான். மழை கேட்டவனைப் பேய் அழைத்தவன் என்று நாடே துரத்தியது. ஓலைக்குள் ஒளிந்தேன். இங்கேயும் குடத்தோடு பெண்கள் நிற்கக் கண்டேன், அண்டாக்காரி கொடுத்த பாலைக் குடித்தேன், அந்த நன்றிக்கு அவள் கூரைக்கு மேலே வானத்தை நோக்கி அதே சொல்லைச் சொன்னேன். இங்கேயும் நீட்டிவிட்டீர்கள்.'

அப்போதுதான் அந்தச் சொல் அவள் வாயில் வந்தது. பெய். அவள் அதைச் சொல்லவில்லை, மனசுக்குள் மட்டும் வைத்துக்கொண்டாள், அப்படியும் உள்ளங்கை ஈரமாயிற்று. சேலையில் துடைத்துக்கொண்டு மூன்றாம் கட்டத்துக்குப் போனாள். 'சொல்லைச் சரியாக வைத்தால், சரியாக வாசிக்கிறவர்களுக்குப் பெய்யும். ஆனால் என் மை ஓலைக்கானது, மழைக்கு நிற்காது. பெய்தால் நான் இந்தப் பக்கத்தில் இருக்கமாட்டேன். எனக்கும் ஊர் திரும்ப வேண்டும், அங்கே இன்னும் வறட்சிதான். புள்ளியை வை.'

நாலாம் கட்டத்தில் கொண்டலான் இல்லை. கட்டம் முழுக்கப் பலூன், அதற்குள்ளே அந்த இரண்டு எழுத்து, புள்ளியில்லாமல்.

வியாழக்கிழமை காலை அண்ணாச்சி அதை வாசித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் முற்றத்திலும் மாடியிலும் வரப்போகிற வருஷத்தின் பன்னிரண்டு மாதமும் தாள் தாளாகக் காய்ந்துகொண்டிருந்தன, ஊரிலுள்ள எல்லா மாடியிலும் அப்படித்தான். அந்தச் சொல்லை அச்சடித்து 'அது' வந்து தொலைத்தால் ஊர் தன்னைத் துரத்தும் என்றார். மந்திரவாதி போய்விட்டால் பத்திரிகையும் படுத்துவிடும், படக்கதை இல்லாமல் கையெழுத்துக்கு என்ன வேலை, உன்னைத்தான் முதலில் அனுப்பவேண்டி வரும் என்றும் சொன்னார். பேயாகவே இருந்துவிட்டுப் போகட்டும், பேச்சியம்மாளுக்கு வேறு ஊரில் ஒரு இடம் பார்த்துத் தருகிறேன் என்றார்.

தங்கபுஷ்பம் பேனாவை மையில் தொட்டாள்.

"பத்திரிகை உங்களுது அண்ணாச்சி. புள்ளி என்னுது. போன வாரம் யோசிக்காம வச்சேன், இந்த வாரம் யோசிச்சு வைக்கேன்."

"நான் அச்சுக்கு அனுப்பலைன்னா?"

"இருபது வருசமா காலையில அவ கையால குடிச்சீகளே, இந்த நாலு நாளா ஏன் குடிக்கல?"

வீட்டில் கேட்டதற்கு, உடம்பில் சர்க்கரை கூடிவிட்டது என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். அதையே இவளிடமும் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் ய மேல் ஒரு புள்ளி வைத்தாள். பிறகு, இனி எந்தக் காலத்தில் எவன் எடுத்து வாசித்தாலும் நீட்டிவிடக் கூடாது என்று, பழைய இலக்கணப்படி குறிலுக்கு அடையாளமாகக் கொம்பின் மேலும் ஒரு புள்ளி அழுத்தி வைத்தாள். அண்ணாச்சி எழுந்து வெளியே போய், முற்றத்தில் நின்ற ஆட்களிடம் தார்ப்பாய் எத்தனை இருக்கிறது என்று கேட்டார். அன்றைக்கும் மறுநாளும் வெயிலுகந்தபட்டியில் சுட்டெரிக்கிற வெயிலில் எல்லா மாடியிலும் காலண்டர்களை மூடினார்கள், ஏன் மூடுகிறோம் என்று சொல்லாமலே மூடினார்கள்.

சனிக்கிழமை காலை வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. தங்கபுஷ்பம் ஒரு கட்டுப் பத்திரிகையைத் தோளில் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போனாள். பேச்சியம்மாள் அண்டாவைக் கவிழ்த்துவைத்து, தார்ப்பாயின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்குப் பிறர் வந்து அவிழ்ப்பதற்கு முன்னால் தானே அவிழ்த்துவிடலாம் என்று இருந்தாள். சுற்றிக் கொஞ்சம் தள்ளிக் கூட்டம் நின்றது, குருசாமியும் நின்றார். கையில் பத்திரிகை இருந்தவர்கள் ஏழாம் பக்கத்தை விரித்திருந்தார்கள், ஆனால் பழகாத சொல் என்பதால் வாய்விட்டு வாசிக்கத் தயங்கினார்கள். மனசுக்குள் வாசித்தவர்களுக்குச் சட்டைப்பை மட்டும் நனைந்தது.

தங்கபுஷ்பம் ஒரு தாளைப் பிரித்து, அவிழ்க்காமல் மிச்சமிருந்த கயிற்றில் துணி காயப்போடுவதுபோல ஏழாம் பக்கத்தை வெளியே காட்டித் தொங்கவிட்டாள். கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி, போன வாரம் நான் எழுதியது தப்பு, இந்த அம்மாவை யாரும் பேய் என்று சொல்லவில்லை, சொன்னது நான், மந்திரவாதி சொன்னது இது என்றாள். பேச்சியம்மாள் கயிற்றை விட்டுவிட்டு அருகில் வந்தாள்.

"என்ன தாயி எழுதியிருக்கு? நான் சொல்லலாமா?"

"நீங்கதான் சொல்லணும். நீட்டாம சொல்லுங்க."

தங்கபுஷ்பம் காதோரம் சொல்லிக்கொடுத்தாள். பேச்சியம்மாள் ஊரைப் பார்க்கவில்லை, தாளைப் பார்த்து, தன் பெயரைச் சொல்வதுபோல, குறுக்கி, உறுதியாகச் சொன்னாள்.

"பெய்."

ஏழாம் பக்கத்திலிருந்து மழை பெய்தது. வானத்திலிருந்து இல்லை. தாளின் அகலம் எவ்வளவோ அவ்வளவு அகலத்துக்கு, தாளின் கீழ் விளிம்பிலிருந்து, நேராகவும் கனமாகவும் மண் வாசனையோடும் பெய்தது. பேச்சியம்மாள் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் கவிழ்த்துவைத்த அண்டாவை நிமிர்த்தி அடியில் வைத்தாள். பித்தளையில் தண்ணீர் விழுகிற சத்தம் பேருந்து நிலையம் முழுக்கக் கேட்டது, கேட்டதும் கூட்டத்தில் இருந்த பெண்கள் வாயைத் திறந்து, பெய், பெய் என்று கையிலிருந்த தாள்களைப் பார்த்துச் சொன்னார்கள். பஸ்ஸுக்குள் பெய்தது, டீக்கடைப் பெஞ்சில் பெய்தது, முடிதிருத்துகிற கண்ணாடிக்கு முன்னால் பெய்தது. வீடுகளில் பத்திரிகையைக் கொடியில் தொங்கவிட்டு, அடியில் குடமும் குண்டானும் சருவமும் குழந்தை குளிக்கிற தொட்டியும் வைத்தார்கள். மாடிகளில் தார்ப்பாய்க்கு மேலே வெயில் அடித்தது, ஒரு காலண்டர்கூட நனையவில்லை. சொல்லை நீட்டி வாசித்த இரண்டு பேருக்கு மட்டும் ஒன்றும் விழவில்லை, அவர்கள் பக்கத்து வீட்டில் போய்ச் சரியாகச் சொல்லக் கற்றுக்கொண்டார்கள்.

ஓட்டல் குருசாமி ஒரு பிளாஸ்டிக் குடத்தோடு மேற்கு மூலைக்கு வந்தார். அவர் கையிலிருந்த தாளில் பெய்து தீர்ந்துவிட்டிருந்தது, பேச்சியம்மாளின் கயிற்றில் மட்டும் இன்னும் ஊற்றிக்கொண்டிருந்தது. வாசித்ததில் ஒரு சின்னப் பிசகு என்று ஆரம்பித்தார்.

"எழுதினவ ஒத்துக்கிட்டா தலைவரே," என்றாள் பேச்சியம்மாள். "நம்பினவுக?"

குருசாமி குடத்தைக் கீழே வைத்தார். இத்தனை பேருக்கு முன்னால் அப்படி நிற்பது அவருக்குப் பழக்கமில்லை. நம்பியது தப்புதான் என்று, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். பேச்சியம்மாள் அவருடைய குடத்தை வாங்கி, வரிசையில் அவருக்கு முன்னால் வந்த ஏழு குடத்துக்குப் பின்னால் வைத்தாள். பிறகு கால்மாட்டில் கிடந்த வேப்பிலைகளைக் கூட்டி அள்ளி அவரிடமே கொடுத்து, ஓரமாகப் போட்டுவிட்டு வரச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை வந்த கோடாங்கி இரண்டு டம்ளர் பருத்திப்பால் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

மதியத்துக்குள் எல்லாத் தாளும் பெய்து முடிந்துவிட்டது. காயவைத்துப் பார்த்தபோது ஏழாம் பக்கம் வெள்ளையாக இருந்தது. கொண்டலானும் அவர் குடுமியும் சுரைக்குடுக்கையும் அவர் எழுத்தும் கரைந்து போயிருந்தன. தங்கபுஷ்பத்தின் மை மட்டும் கலையவில்லை, அவள் வைத்த புள்ளிகள் கட்டங்களுக்குள் அங்கங்கே கறுப்பாக நின்றன. புள்ளியைக் கண்டால் அந்த ஊர்ப் பெண்கள் சும்மா இருப்பார்களா? வீட்டுக்கு வீடு ஆளுக்கொரு விதமாக இழுத்துக் கோலமாக்கிப் பார்த்தார்கள், ஒருவர் போட்டதுபோல இன்னொருவருக்கு வரவில்லை.

தங்கபுஷ்பத்துக்கு அழுகை வந்தது, அழுதாள். அடுத்த புதன்கிழமை வழக்கப்படி கட்டம் போட்டு, ஓரத்தில் 'போய்ச் சேர்ந்தீர்களா' என்று எழுதி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள். திரும்பி வந்தபோது நாலு கட்டமும் காலியாக இருந்தது. ஆனால் தாளின் ஒரு மூலை நன்றாக நனைந்திருந்தது. அவள் அதை அண்ணாச்சியிடம் கொண்டுபோய்க் காட்டினாள், அவர் தொட்டுப் பார்த்து, அங்கேயும் பெய்கிறது போல என்றார். அந்தச் சொல்லை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அவளை அவர் வேலையை விட்டு அனுப்பவில்லை, எல்லாப் பக்கத்துக்கும் பிழை பார்க்கிற மேஜையில் உட்காரவைத்தார்.

அன்றைக்குத் தன் கயிற்றில் பெய்து காய்ந்த ஏழாம் பக்கத்தைப் பேச்சியம்மாள் கண்ணாடி போட்டு நீலத் தார்ப்பாய்க்குக் கீழே மாட்டியிருக்கிறாள். பஸ் மாறுகிற வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்து, என்னம்மா இது, வெறும் புள்ளியாக இருக்கிறதே என்று கேட்பார்கள். அவள் டம்ளரைக் கழுவிக்கொண்டே, நாலாம் கட்டத்தில் இருக்கிற இரண்டு புள்ளியை மட்டும் விரலால் தொட்டுக் காட்டுவாள்.

"இது மழைங்க. இந்தப் புள்ளி விழலைன்னா நான் பேயி. சுக்குக் கூடப் போடவா?"